மேல் வீட்டு டொம் சத்தம்

கம்ப்யூட்டர் கார் ரேஸுக்காகத் தரையில வச்சிருந்த கிளட்ச்ல இருந்து ரோனி காலை எடுத்தான். டொம்னு பெடல் எகிறுச்சு. திரையில கார் நகராம சக்கரம் மட்டும் சும்மா சுத்துச்சு.

"அந்த டிராக்‌ஷன் கன்ட்ரோலைப் போட்டுத் தொலையேன்"னா சானி, அவனோட இருக்கிறவ.

"போட்டா சக்கரம் வழுக்காது, ஆனா வண்டி இழுக்காது. எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க. நாளைக்குக் கடைசி ரேஸ். முதல் பத்துல வரலேன்னா ஆன்லைன் லீக்ல இருந்து தூக்கிடுவாங்க."

"போன வாரம் மாதிரி ஸ்டார்ட்டுக்கான சிவப்பு விளக்கு அணையறதுக்கு முன்னாடியே கிளம்பி அபராதம் வாங்காம இரு, போதும்."

யாரோ கதவைத் தட்டினாங்க. பின்லாந்துல, இந்தத் தாம்பரே ஊர்ல யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க, கோபம்னா மாடிப்படியில சீட்டுதான் ஒட்டுவாங்க.

கீழ் வீட்டு ஹில்க்கா நின்னுட்டிருந்தாங்க.

"தினம் நாப்பது தடவை என் தலை மேல டொம் டொம்னு."

"மன்னிச்சிடுங்கக்கா. இன்னைக்கு மட்டும் விட்டுடுங்க, பழகலேன்னா நாளைக்குப் போச்சு."

"பழகு, யாரு வேணாம்னா? டிராக்‌ஷன் கன்ட்ரோலை முழுசா அணைக்காதே, ரெண்டாம் அளவுல வை. ஆனா நாளைக்கு விளக்கு அணையற வரைக்கும் கிளட்ச்ல இருந்து காலை எடுக்காதே."

ரோனி முழிச்சான். "இதெல்லாம் உங்களுக்கு எப்படி...?"

ஹில்க்கா செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வந்தாங்க.

"போன வாரம் ரேஸ்ல உன் பக்கத்துல நின்ன பச்சைக் கார் என்னோடதுதான். மேல டொம்னு கேட்டதும் விளக்கு அணைஞ்சாச்சுன்னு நினைச்சு நானும் கிளம்பிட்டேன். உன்னால எனக்கும் அபராதம்டா."