மூன்று மாதத்துக்கு ஒரு தலை

ஃபைலின் மேல் எழுதியிருந்த பெயரை அவள் இரண்டாம் முறை படித்தாள்.

ஆவுடையம்மாள், 67. சங்கரன்கோவில்.

நிமிர்ந்து பார்த்தாள். அதே அம்மாதான். பக்கத்தில் நிற்பது அதே மகன்தான். அவன் தொந்தி மட்டும் புதிது.

அவள் முகத்தில் மாஸ்க் இருந்தது. அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

டாக்டர் உள்ளேயிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். அந்த அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. சாதாரண பிரஷைப் பிடித்துத் தேய்க்க முடியவில்லை. எலக்ட்ரிக் பிரஷ் ஒன்றைக் கொடுத்து, எப்படித் தேய்ப்பது என்று காட்டி அனுப்ப வேண்டும்.

இந்தப் பல் கிளினிக்கில் அது அவள் வேலை. வரவேற்பு மேஜையில் வைத்து, காத்திருப்பவர்கள் முன்னால்தான் காட்டுவாள்.

பெட்டியைப் பிரித்தாள்.

அவன் ஆரம்பித்தான்.

"சிஸ்டர், தண்ணி பட்டா ஷாக் அடிக்காதுல்லா?"

அடிக்காது என்றாள்.

ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை நாள் வரும்? நார் மெதுவாக இருப்பது நல்லதா, கெட்டியாக இருப்பது நல்லதா? ஆடுகிற பல் இருந்தால் இந்த அதிர்வில் விழுந்துவிடாதா? மேலே இருக்கும் தலையை மட்டும் கழற்றி மாட்டிக்கொண்டு வீட்டில் எல்லோரும் ஒரே மெஷினில் தேய்க்கலாமா? சத்தம் இவ்வளவுதானா, இன்னும் வருமா?

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

ஒரு பிரஷ்ஷுக்கு இத்தனை கேள்வி கேட்கத் தெரிந்தவன், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளைப் பெண் பார்க்க வந்தபோது வாயே திறக்கவில்லை.

திறந்தான். பஜ்ஜிக்கு.

அன்று பேசியதெல்லாம் இந்த அம்மாதான். நடந்து காட்டச் சொன்னார். தலைமுடியைத் தொட்டுப் பார்த்தார். கூடத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"சிரிம்மா, பாப்போம்" என்றார்.

ஆசையாகக் கேட்கிறார் என்று அவள் நினைத்தாள். எவ்வளவு பெரிய முட்டாள். வாய் நிறையச் சிரித்தாள்.

"போதும்மா."

அவ்வளவுதான். எழுந்துவிட்டார்கள். படி இறங்கும்போதே தரகரிடம் அந்த அம்மா, "பல்லு வெளிய வந்துல்லா நிக்கி" என்று சொன்னது உள்ளறை வரைக்கும் கேட்டது. அதைக் கேட்ட பிறகும் அவள் அப்பா தெருவரை போய்க் கும்பிட்டு வழியனுப்பினார். அவளால் அதைத்தான் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பாள்.

அவளுடைய கல்யாண ஃபோட்டோவிலும் அந்தக் கை இருக்கிறது.

கம்பி போட்டுப் பல்லை உள்ளே தள்ளிவிடலாம், நீ ஒன்றும் தர வேண்டாம் என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். கேட்டவர்களிடம் வலிக்கும் என்று சொல்லி வைத்திருந்தாள்.

நிஜக் காரணம் இப்போது எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

பிரஷில் பசையை வைத்து அவன் கையில் கொடுத்தாள். மேஜையில் பிளாஸ்டிக் பல்வரிசை ஒன்று இருக்கிறது. அதில் தேய்த்துப் பழகச் சொல்வது வழக்கம்.

பல்லின் மேல் வைத்த பிறகுதான் சுவிட்சை அழுத்த வேண்டும். யார் வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வாள்.

இன்று சொல்லவில்லை.

அன்று அவனும்தான் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் பிரஷை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து அழுத்தினான். பசை சட்டையெல்லாம் தெறித்தது. மீசையில் ஒட்டியது. காத்திருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவளுக்கு இனித்தது. ஆனால் போதவில்லை.

நாற்காலியை இழுத்து அந்த அம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறங்க என்றுதான் எல்லோரிடமும் சொல்வாள்.

"சிரிங்கம்மா, பாப்போம்."

அந்த அம்மா தயங்கினார். சுற்றிலும் எட்டுப் பேர்.

"சிஸ்டர் சொல்லுதாங்கல்லா, சிரிம்மா" என்றான் மகன், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

சிரித்தார்.

மேலே நாலு. கீழே ஏழு. நடுவில் ஒன்று காவியேறி, பக்கவாட்டில் சாய்ந்து நின்றது.

அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பின்னால் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மாவின் உதடு வலித்து நடுங்க ஆரம்பிக்கும் வரை பார்த்தாள்.

"போதும்மா."

மாஸ்க்கைக் கீழே இறக்கினாள்.

சிரித்தாள். கையைக் கொண்டுபோகவில்லை. ஒன்பது வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த பல் முழுசாகத் தெரிந்தது.

அந்த அம்மா அந்தப் பல்லையே பார்த்தார். பிறகு அவள் கண்ணைப் பார்த்தார். மறுபடி பல்லை.

நடுங்கும் கை மெல்ல மேலே வந்து வாயை மூடிக்கொண்டது.

இறங்கவே இல்லை.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"இந்தத் தலை எத்தன மாசம் வரும் சிஸ்டர்?"

"மூணு மாசம். அதுக்குள்ள நார் வளைஞ்சிரும். இங்கயே வந்து மாத்திக்கிடுங்க."

பிரஷைக் கழுவித் துடைத்து, பெட்டியில் வைத்து, பையில் போட்டு நீட்டினாள். மாஸ்க் இன்னும் கழுத்தில்தான் கிடந்தது.

"வரும்போது அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."