மீதிப் பாதி

அறைக்குள் வந்த ஆள் தும்மினான். மினியாபொலிஸ் நகரத்தில் பாதி ஜன்னல்களாவது அதிர்ந்திருக்கும்.

ஆர்விட் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். இத்தனை வயதுவரை அந்தத் தும்மல் உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தான்.

ஹார்லன். கைக்குழந்தையாக இருக்கும்போதே வேறு வீட்டுக்குத் தத்துப் போன இரட்டைச் சகோதரன்.

அதே வழுக்கை. அதே சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. காப்பியை வாயில் வைக்கும் முன்பே அதில் உப்புத் தூவுகிற அதே கிறுக்கு.

பிரிந்து வளர்ந்த இரட்டையர்களைத் தேடிப் பிடித்து, மனிதனுக்குக் குணம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்வது டாக்டர் கெர்டாவின் வேலை. "குணத்துல ஏறக்குறையப் பாதி பிறக்கும்போதே வந்துடுது" என்று நேற்றுச் சொன்னார்.

அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். ஆர்விட்டின் காது அத்தோடு அடைத்துக்கொண்டது. அந்தப் பாதி போதும் அவனுக்கு.

சனிக்கிழமை மகள் சிக்ரிட்டுக்குக் கல்யாணம். தேவாலயத்தில் அவளைக் கைபிடித்து அழைத்துப்போக அப்பனுக்கு அனுமதி உண்டு. ஆனால், அவளுடைய சின்ன வயதில் அவளையும் அம்மாவையும் விட்டுவிட்டு ஏன் போனான் என்று அதற்குமுன் அவன் சொல்லியாக வேண்டும்.

"மழுப்பாதீங்கப்பா. நெசமான காரணம் வேணும் எனக்கு."

அவனிடம் காரணம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அதற்கப்புறமும் இரண்டு வீடுகளை விட்டுக் கிளம்பியவன். அந்த ஊர் ஏரி வாத்துகள்கூடக் குளிர் வந்தால்தான் பறக்கும். இவனுக்கு நல்ல வெயிலே போதும்.

இப்போது காரணம் எதிரில் வந்து உட்கார்ந்து உப்புக் காப்பி உறிஞ்சுகிறது.

ஹார்லன் நாலு பேரையாவது விட்டு ஓடியிருக்க வேண்டும். ஆறு என்றால் உத்தமம். ஆண்டவரே, ஏழாக இருக்கட்டும்!

இருவரையும் உட்காரவைத்துவிட்டு டாக்டர் வெளியே போனதும் கேட்டுவிட்டான். "எத்தனை தடவை வீட்டை விட்டு ஓடியிருக்கே?"

"நானா? ஒரு தடவைகூட இல்லப்பா. அடுத்த ரூம்ல உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுறாளே, லோர்னா, கட்டின நாள்லேர்ந்து அவ ஒருத்திதான்."

ஆர்விட் நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரே ஒரு வாரம்? கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு? உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்டா!"

ஹார்லன் கதவைப் பார்த்தான். கோப்பையைக் கீழே வைத்தான். சட்டென்று ஆர்விட்டின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். தண்ணீரில் மூழ்குகிறவனின் பிடி.

"தினம் சாப்பிட்டு எழுந்ததும் கால் தானா வாசலுக்குப் போகுது. கையில வண்டிச் சாவி. புள்ளைங்க முகத்தைப் பார்ப்பேன். திரும்பி வந்து உட்கார்ந்துடுவேன். இத்தனை வருஷமும் இப்படித்தான்டா. செத்துப் பொழைக்கிறேன்."

அவன் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

"நீ மூணு வீட்டை விட்டுப் போனவன்னு டாக்டர் சொன்னாங்க. எப்படிடா போனே? அதைக் கேக்கத்தான் டகோட்டாலேர்ந்து இந்தப் பனியில வந்தேன்."

பிறவிக் குணம் என்று சொல்ல ஆர்விட் வாயைத் திறந்தான்.

எதிரில் அதே பிறவி, போகாமல் உட்கார்ந்திருந்தது.