பச்சை எரிந்தால் சோறு

காலையில் கண் விழித்ததும் பெர்பெத்து மூச்சுக்குப்பியில் ஊதி மூடிக் கொடுப்பாள். புருஷன் ரொசாரியோ அதை அடுக்களைக்குக் கொண்டுபோய், முடிவை ஆஸ்பத்திரிக்கும் அனுப்பும் சோதனைப் பெட்டியில் செருகுவான். அவள் ஈரலில் இருக்கும் கட்டிக்குச் சோற்றிலுள்ள சர்க்கரையை உடைத்து ஊட்டுகிற நொதி அடங்கியிருந்தால் பச்சை விளக்கு எரியும். அன்றைக்குச் சோறு உண்டு. சிவப்பு எரிந்தால் ஆஸ்பத்திரி மருந்தை மாற்றும்; வெறும் மீனும் முட்டையும்தான் சாப்பாடு.

"பச்சைதான் பெர்பெத்து!" எட்டு மாதமாக இதே குரல். கேட்டதும் அவள் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவாள்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கூப்பிட்டாள். "நொதியெல்லாம் நல்லாருக்கும்மா. ஆனா மூச்சுல பீடிப் புகை தெரியுதே, விட்டுடக் கூடாதா?"

பெர்பெத்து ஆயுளில் பீடியைத் தொட்டதில்லை. அவளுக்கு நோய் என்று தெரிந்த அன்றே மாதா மேல் ஆணையிட்டுப் பீடியை விட்டவன் ரொசாரியோ.

"யாரு மூச்சு அது?"

மழுப்பிப் பார்த்தான், முடியவில்லை. "மொத தடவ சிவப்பு எரிஞ்ச அன்னைக்கு, ஒரு வாய் சோறு குடுங்கன்னு அழுதியே. எனக்குத் தாங்கல. இன்னைக்கு ஒரு நாள்தானேன்னு, மறுபடி சோதிக்கிற மாதிரி வேற குப்பியில நானே ஊதினேன்."

"மறுநாளு?"



குழம்பு ஊற்றிய சோறு ஆவி பறக்க முன்னால் இருந்தது. அவள் தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"எட்டு மாசமா பெசஞ்சு பெசஞ்சு ஊட்டினீங்களே, அது எனக்கில்ல. அந்தக் கட்டிக்கு."