ரெண்டு பாத்தி தள்ளி

அமுதவல்லி அன்றைக்கும் சாப்பாட்டுத் தூக்கை வீட்டில் மறந்துவிட்டு உப்பளத்துக்குப் போய்விட்டாள்.

ஒருநாள், இரண்டு நாள் என்றால் சரி. இரண்டு மாதமாகத் தினமுமா மறப்பாள் ஒருத்தி? பக்கத்து வீட்டு மலர்கொடிக்கு ஆத்திரமாக வந்தது.

மறந்த தூக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் அமுதவல்லியின் புருஷன் கொளஞ்சி. கடலடியில் சங்கு எடுக்க முங்கியவர். மூச்சுக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசர் நின்றுபோக, பதறி ஒரே வேகத்தில் மேலே வந்தார். ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆக்ஸிஜன் அறைக்குள் பல நாள் வைத்துக் காப்பாற்றினார்கள். கால் பாதிதான் திரும்பியிருக்கிறது. அந்த மனிதர் ஊன்றுகோலோடு உப்பள வரப்பில் தடுமாறுவதைப் பார்க்கச் சகிக்காது.

மலர்கொடி இன்று விடுவதாக இல்லை. அவர் வேண்டாம் வேண்டாம் என்றதைக் காதில் வாங்காமல் தூக்கைப் பிடுங்கிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

"நீங்க உக்காருங்கண்ணே. நான் போயி அவள ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

உப்பளத்தில் முதலில் அகப்பட்டவர் மேஸ்திரி தங்கராசு. அமுதவல்லிக்கு ரோட்டோரப் பாத்தியாவது கொடுக்கக் கூடாதா, அந்த மனுஷனுக்கு நடை குறையுமே என்று அவரிடமே பொரிந்து தள்ளினாள்.

தங்கராசு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரோட்டோரப் பாத்திதாம்மா குடுத்தேன். திங்கக்கெழமை ஆனா வந்து நிக்கிறா, ரெண்டு பாத்தி தள்ளிக் குடுங்கன்னு."

"எதுக்கு?"

"தெனம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி நடந்தாதான் காலு திரும்பும்னு டாக்டர் சொன்னாராம். இவரு சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கினாராம். தனக்காகன்னா நடக்க மாட்டாரு, நான் பட்டினின்னா நடப்பாருங்கறா."

தூரத்தில் அமுதவல்லி உப்புக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். உப்பைக் கொட்டும் அம்பாரம் ரோட்டோரத்தில்தான். பாத்தி தள்ளத் தள்ள அவள் தலைச்சுமைக்கும் தூரம் கூடியிருந்தது. மலர்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளிடம் போகாமலே வண்டியைத் திருப்பினாள். வாசலில் காத்திருந்த கொளஞ்சியின் கையில் தூக்கை வைத்தாள்.

"எனக்கு வேற வேலை இருக்குதுண்ணே. அவ பசியோட நிக்கிறா, நீங்களே எடுத்துட்டுப் போங்க."