கம்பெனி வைத்த வேகம்

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிய சர்வீஸ்காரர் முதலில் மூக்கைத்தான் சுளித்தார்.

எனக்கும் அந்த வாடை வந்தது. ரப்பர் தீய்ந்த வாடை. கவுன்டருக்கு இந்தப் பக்கம் டீச்சர், அவள் புருஷன் இஸ்திரி, இருவருக்கும் நடுவே கழுத்தை நீட்டிக்கொண்டு நான்.

எதிர்வீட்டுக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். என் போனில் சார்ஜ் நிற்பதில்லை, அதையும் காட்டிவிட்டு வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். போனுக்கு ஒரு கேடும் இல்லை.

இஸ்திரி என்பது அக்கம்பக்கத்தில் நாங்கள் வைத்த பெயர். கட்டடங்களுக்குப் பிளான் வரையும் ஆபீசில் வேலை. காலை ஒன்பதுக்கு அவன் மடிப்புக் கலையாத சட்டையோடு படியிறங்குவதைப் பார்த்தால், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போகிறானோ என்று தோன்றும். அரைமணி கழித்து டீச்சர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள்.

"வாங்கி எட்டு மாசம்தானே ஆகுது? வாரண்டில பண்ணிக் குடுங்க," என்றாள் டீச்சர்.

"வாரண்டி செல்லாதும்மா. யாரோ ஓவர்க்ளாக் பண்ணியிருக்காங்க."

க்ளாக் என்றதும் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சங்கதி வேறாம். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே மிஷினை விரட்டுவதற்கு அப்படிப் பெயராம். சூடு தாங்காமல் உள்ளே போர்டு கருகிவிட்டது. அந்த மாதிரி விரட்டினால் கம்பெனி கையைக் கழுவிவிடும்.

டீச்சர் விடுவாளா? ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் பார்ப்பதோடு சரி, மற்ற நாளில் அது அலமாரியை விட்டு இறங்குவதே இல்லை என்று ஒரே பிடியாக நின்றாள்.

ஒரு தக்காளி நசுங்கியிருந்தால்கூடக் கடைக்காரனோடு மல்லுக்கு நிற்கும் இஸ்திரி, அன்றைக்குச் சண்டைக்கே போகவில்லை.

"விடு, போலாம்," என்று அவள் முழங்கையைத் தொட்டான். தலைக்கு மேலே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவன் காதோரம் வியர்வை இறங்கியது.

சர்வீஸ்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஹார்டு டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, திரையை டீச்சர் பக்கம் திருப்பினார். வேகத்தை ஏற்றுகிற சாப்ட்வேர், ஏற்றிய ஒவ்வொரு தடவையையும் தேதி, மணியோடு குறித்து வைத்திருந்தது.

டீச்சர் விடைத்தாள் திருத்துகிற மாதிரி விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள்.

திங்கள், பத்து மணி பத்து நிமிடம். செவ்வாய், பத்து மணி எட்டு. புதன், பத்து மணி பதினொன்று. எல்லா நாளும் நாலு மணிக்கு நிறுத்தம். சனி, ஞாயிறு மட்டும் கிடையாது. இப்படியே மூன்று மாதம்.

விரல் நின்றது.

"அந்த நேரத்துல நம்ம வீட்ல யாருமே இருக்க மாட்டோமே!"

அவள் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. பூட்டைத் திறந்து எவனோ ஒருவன் தினமும் தன் வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டுப் போகிறான் என்றால் யாருக்குத்தான் ஈரக்குலை நடுங்காது? இப்போதே போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றாள். அதுதான் சரி, பட்டியலை அச்செடுத்துத் தருகிறேன் என்றார் சர்வீஸ்காரர். பிரின்டர் உறுமியது. டீச்சர் போனை எடுத்துவிட்டாள்.

இஸ்திரி கவுன்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான்தான், டீச்சர்," என்றேன்.

சொன்னது என் வாய்தானா என்று எனக்கே திக்கென்றது.

சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க அவர்கள் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் உண்டு. அதை வைத்துத் திறந்து, உட்கார்ந்து சீரியல் பார்ப்பேன் என்றேன்.

சர்வீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரிம்மா, ஸ்பீடை எதுக்கு ஏத்துனீங்க?"

"கதை ரொம்ப மெதுவா போச்சு தம்பி."

அவர் சிரிக்கவில்லை. வாரண்டி மறுக்கும் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்துக்குள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

டீச்சர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "அக்கா அக்கான்னு வாய் நிறையக் கூப்பிட்டேனே," என்று மட்டும் சொல்லிக் கையை நீட்டினாள். கொத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். அதைக் கைக்குட்டையால் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போய்விட்டாள்.

இஸ்திரி நகரவில்லை. திறந்த வாய் மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியிடம் மாட்டிக்கொண்டிருந்தால்கூட அவ்வளவு வெளிறியிருக்க மாட்டான்.

எனக்குத் தெரியும் என்பது அவனுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

ஆபீசில் அவனுக்கு வேலை போன மறுநாளிலிருந்து, டீச்சர் தெருமுனை திரும்பியதும் அவன் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு பின்படி வழியாக ஏறி வருவான். நத்தையாய் நகரும் அந்த லேப்டாப்பை விரட்டி விரட்டி, அவன் வேலை கேட்டிருந்த ஆபீஸ்களில் பரீட்சைக்குக் கொடுத்த பிளான்களை நாலு மணிவரை வரைந்து அனுப்புவான். நடுநடுவே போனில் கெஞ்சுவான். அந்தப் பின்படியைப் பார்த்திருக்கும் என் சமையலறை ஜன்னலுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும்.

மூன்று மாதமாக ஒருவரிடமும் மூச்சு விடவில்லை நான். என் வீட்டுக்காரரிடம்கூட.