பார்வையாளர் நேரம்

"பெத்த தாய் சாகக் கிடக்கிறாங்க, எட்டிக்கூடப் பார்க்கலையே! அவளெல்லாம் ஒரு பொண்ணா?"

வேலைக்குச் சேர்ந்து பத்தே நாளான புது நர்ஸுக்கு, ஒன்பதாம் படுக்கையைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. அந்த அம்மாளைச் சேர்த்துவிட்டுப் போனது பக்கத்து வீட்டுக்காரர். மாலையில் பார்வையாளர் நேரமான ஒரு மணி நேரமும் மற்ற படுக்கைகளைச் சுற்றிக் கூட்டம் நெரியும். இங்கே மட்டும் ஈ, காக்கா இருக்காது.

"அவளுக்கு வேலைம்மா, திட்டாதே" என்று அந்த அம்மாள் மகளுக்குப் பரிந்து பேசுவார்.

"ஆமா, பெரிய மந்திரி வேலை!"

சீனியர் நர்ஸ் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே மாட்டார். அந்த அம்மாளைப் புரட்டி, முதுகைத் துடைத்து, தலை வாரிப் பின்னிவிடுவார்.

"படுக்கைப் புண் வராம பார்த்துக்கறதுதான் நம்ம வேலை. பஞ்சாயத்து பண்றது இல்லை."

"நல்லாயிருங்க சிஸ்டர்" என்று அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொள்வார்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மாளின் மூச்சு அடங்கியது. சீனியர்தான் கண்களை மூடிவிட்டார்.

"உடம்பை வாங்கவாவது வருவாளா அந்த மகராசி?" என்று படிவத்தை நீட்டினாள் புது நர்ஸ்.

சீனியர் பேனாவை எடுத்தார். 'உறவு' என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சொந்தக்காரங்க படுத்திருக்கிற வார்டுல நமக்கு டூட்டி போட மாட்டாங்க. பொண்ணுன்னு சொல்லியிருந்தா தினம் ஒரு மணி நேரம். சொல்லாததால எட்டு மணி நேரம் கிடைச்சுது."

அதுவரை உடையாத குரல் உடைந்தது.

"அதுக்காக, கடைசி மூச்சு வரைக்கும் அம்மா என்னை சிஸ்டர்னே கூப்பிட்டாங்க."