பன்னிரண்டாவது மாற்றல்

“இது பன்னெண்டாவது ஆபீஸ். இங்கேயாவது உட்கார ஒழுங்கா இடம் கொடுத்திருக்காங்களா?” என்றார் அப்பா.

“இடத்துக்குக் குறையே இல்லைப்பா. பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருக்கேன்.”

“அதிகாரின்னா அப்படித்தான். நிமிர்ந்து உட்காரு. கூன் போடாதே.”

“சரிப்பா. அங்கே இன்னும் விடியவே இல்லையே, நீங்க தூங்கலையா?”

“வயசானா தூக்கம் எங்கேடா வருது? நேரமாச்சு, நீ கிளம்பு.”

போனை வைத்துவிட்டு அவன் இடது முழங்காலில் இறுக்குப் பட்டையைச் சுற்றத் தொடங்கினான். ஆறே முக்கால் அடி உயரம், முப்பத்தேழு வயது. எந்த ஆபீஸிலும் அவன் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. பதினான்கு ஆண்டுகளாகக் கூடைப்பந்து ஆடிப் பிழைப்பவன்.

“பந்து தட்டிச் சோறு தின்னவன் நம்ம வம்சத்துல கிடையாது. அப்படித்தான் பிழைப்பேன்னா இந்த வீட்டுப் படி ஏறாதே” என்று அவன் ஆடப் புறப்பட்ட அன்று அப்பா சொன்னார். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

அம்மாதான் இருவருக்கும் நடுவில் ஒரு பொய்யை வைத்தாள். “என்னங்க, பையன் திருந்திட்டான். வெளிநாட்டுக் கம்பெனியில ஆய்வு அதிகாரியாச் சேர்ந்துட்டான்.” அம்மா காலமான பிறகு அந்தப் பொய்யைக் கட்டிக் காப்பது அவன் பொறுப்பாயிற்று.

ஓர் அணி அவனைக் கைவிட்டு இன்னோர் அணி எடுத்துக்கொள்ளும்போதெல்லாம், மாற்றல் என்று வீட்டுக்குச் சொல்வான். “கண்டிப்பான ஆளை எவன் ஒரே இடத்துல விட்டு வைப்பான்?” என்று அப்பா உறவினர்களிடம் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்வதாக அத்தை ஒருமுறை எழுதியிருந்தாள்.

உடை மாற்றும் அறையில் மற்றவர்களின் அலமாரிகளில் பித்தளைப் பெயர்ப்பலகை இருந்தது. அவனுடையதில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, பேனாவால் பெயர் எழுதியிருந்தார்கள்.

“பெட்டி அண்ணே, துணியைக் கொஞ்சம் வெளியே எடுத்து மாட்டுங்க. பெட்டிக்குள்ளேயே குடித்தனம் நடத்துறீங்களே!” என்றான் அணியின் நட்சத்திர ஆட்டக்காரன்.

“மாட்டி முடிக்கிறதுக்குள்ள அனுப்பிடுறாங்களேடா.”

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அவனுக்குக் கிடைத்திருந்தது பத்து நாள் ஒப்பந்தம். இன்று பத்தாவது நாள். இதை நீட்டிக்காவிட்டால், இந்த முழங்காலோடு பதின்மூன்றாவது அணி எதுவும் அவனைக் கூப்பிடப் போவதில்லை. முப்பத்தேழு வயதில் எந்த அதிகாரி ஓய்வு பெறுகிறான்? அப்பாவிடம் என்ன சொல்வது?

மாலை ஆட்டத்தில் வழக்கம்போல் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தான். அப்பா சொன்னபடி கூன் போடாமல் உட்கார்ந்தான். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. பயிற்சியாளர் பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, “பெட்டி, நீ போ” என்றார்.

போனான். இரண்டு பந்துகளைத் தடுத்தான். கடைசி மூன்று நொடிகள் இருக்கையில் அவன் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து அவன் கையில். அவன் போடுவான் என்று யாருமே எண்ணாததால் அவனை மறிக்க ஒருவரும் வரவில்லை. கூடை நேர் எதிரே இருந்தது.

பன்னிரண்டு அணிகளில் பழகிய கை, பந்தை நட்சத்திர ஆட்டக்காரனுக்குக் கொடுத்தது. அந்த ஆட்டக்காரன் போட்ட பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. மணி ஒலித்தது.

“நீ சரியாத்தான் கொடுத்தே” என்று பயிற்சியாளர் அவன் தோளில் தட்டினார். “யாரா இருந்தாலும் அவனுக்குத்தான் கொடுத்திருப்பாங்க. அப்புறம்… நாளையிலேர்ந்து…” அவன் தலையசைத்துவிட்டு உடை மாற்றும் அறைக்கு நடந்தான்.

“ஆமாண்ணே, நீங்க செஞ்சதுதான் சரி” என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். துணி துவைப்பவர் வந்து அவன் சட்டையை வாங்கிக்கொண்டார். போகிற போக்கில், அலமாரியில் இருந்த காகிதப் பட்டையையும் உரித்து உருட்டிக் கூடையில் போட்டார். அது மட்டும் குறி தவறாமல் விழுந்தது.

அறையில் அவன் ஒருவன்தான் மிஞ்சினான். பெட்டியில் அடுக்குவதற்கு எதுவும் இல்லை, எடுத்தால்தானே அடுக்குவதற்கு? வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். புதிதாக ஒரு பொய் சொல்ல அவனிடம் தெம்பு இல்லை.

முதல் மணியிலேயே அப்பா எடுத்தார்.

“அப்பா, இனிமே மாற்றல் கிடையாது. வேலை முடிஞ்சு போச்சு.”

“ம்.”

“நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு, வீட்டுப் படி ஏறாதேன்னு சொன்னீங்கன்னா ஏறலை. அம்மா மேல மட்டும் கோபப்படாதீங்க. அந்த ஆபீஸ்…”

மறுமுனையில் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கடைசிப் பந்தை நீயே போட்டிருக்கணும்டா.”